காற்றும் கைத்திறனும்: டென்மார்க்கில் காற்றுமின் தொழிலாளர் உருவான வரலாறு பற்றிய சில குறிப்புகள்

'தூய சக்திக்கு மாறுவதற்குத் தேர்ச்சி பெற்ற தொழிற்படையைக் கட்டியெழுப்புதல்' என்னும் தொடர் அண்மைக்கால அரசாங்க அறிக்கைகளிலும் சர்வதேச வங்கிகளின் கடன் ஆவணங்களிலும் பெருவழக்காகியுள்ளது. சொற்களின் மீது ஐயங்கொள்வது இலக்கிய மாணவரின் தொழிற்பழக்கமாதலின், இத்தொடரைச் சற்று நின்று நோக்கலாம். 'படை' என்பது திரட்டப்படுவது, கட்டளைக்கு உட்படுவது, தேவை தீர்ந்ததும் கலைக்கப்படுவது. 'கட்டியெழுப்புதல்' என்ற வினைக்கு எழுவாய் யார்? மேற்குறித்த ஆவணங்களில் அது பெரும்பாலும் தோன்றா எழுவாயாகவே நிற்கின்றது. தொழிலாளர் செயப்படுபொருளாக மட்டும் வருகின்றனர். திறன் என்பது முன்னரே எங்கோ ஆயத்தமாக இருப்பதாகவும், பயிற்சி நிலையங்கள் அதனைப் பொட்டலங் கட்டி இவர்களுக்கு வழங்குவதாகவும் கருதப்படுகின்றது.

வரலாறு இவ்வாறு நிகழவில்லை என்பதற்கு டென்மார்க்கின் காற்றுமின் துறை தெளிவான சான்று. அண்மைய ஆண்டுகளில் அந்நாட்டின் மின் நுகர்வில் ஏறத்தாழ அரைப்பங்கைக் காற்றே வழங்குகின்றது. இதற்குக் காரணங்கூறுவோர் வடகடற் காற்றினையும் அரசின் மானியத்தையும் சுட்டுவர். காற்று ஸ்கொட்லாந்திலும் வட ஜேர்மனியிலும் வீசுகின்றது. 1970களிலும் 1980களிலும் டென்மார்க்கைவிடப் பன்மடங்கு பணத்தை ஐக்கிய அமெரிக்கா காற்றாலை ஆராய்ச்சிக்குச் செலவிட்டது. ஆயினும் நின்று சுழன்ற பொறிகளை ஆக்கியவர்கள் டேனியக் கிராமங்களின் கொல்லரும் தச்சரும் ஆசிரியருமே. இவர்கள் எங்கிருந்து வந்தனர்? இவ்வினாவுக்கு விடைகாண முயலும்போது நாம் ஒரு பொறியியற் கல்லூரிக்கன்றி ஒரு கவிஞரின் கல்விக் கொள்கைக்கே சென்று சேர்கின்றோம். இலக்கிய ஆய்வாளர் ஒருவர் இவ்விடயத்தில் தலையிடுவதற்கு இதைவிட வேறு நியாயம் வேண்டியதில்லை.

1864ஆம் ஆண்டில் பிரஷ்யாவுடனும் ஒஸ்திரியாவுடனும் நிகழ்ந்த போரில் டென்மார்க் தன் தென்பகுதியை இழந்தது. 1870களில் அமெரிக்க, ரஷ்யத் தானியங்கள் ஐரோப்பியச் சந்தையில் மலிவாகக் குவியத் தொடங்கியதும் டேனிய விவசாயி தானியச் செய்கையிலிருந்து வெண்ணெய்க்கும் பன்றியிறைச்சிக்கும் மாறவேண்டியவனானான். பிரித்தானியச் சந்தைக்கு ஒரே தரத்தில் வெண்ணெய் அனுப்பச் சிறு விவசாயியால் தனித்து இயலாது, இயந்திரம் வேண்டும், இயந்திரத்துக்கு மூலதனம் வேண்டும். இந்நெருக்கடியின் விளைவே கூட்டுறவுப் பாற்சாலை. முதலாவது பாற்சாலை 1882இல் மேற்கு யூட்லாந்தின் யெட்டிங் என்னுமிடத்திலே தோன்றியது. நூற்றாண்டு முடிவதற்குள் ஆயிரமளவிலே பெருகின. வாக்களிக்கும்போது மாட்டின் தலையை எண்ணுவதில்லை, மனிதத் தலையையே எண்ணுவது என்பது இச்சங்கங்களின் பெருமைக்குரிய விதி.

இப்பெருமையை அப்படியே ஏற்றுக்கொள்ளுதல் கூடாது. மார்க்சியத்தின் விமரிசகர்கள் டென்மார்க்கைச் சிறுவிவசாயத்தின் இலட்சிய பூமியாக எடுத்துக்காட்டியபோது, லெனின் அந்நாட்டின் கால்நடைக் கணக்குகளையே கொண்டு, மந்தைகளின் பெரும்பகுதி வசதிபடைத்த பண்ணையாளரிடம் செறிந்திருப்பதை எடுத்துரைத்தார். சங்கத்தில் மனிதத் தலை எண்ணப்பட்டது உண்மையே. ஆயின் மாடே இல்லாதவன் சங்கத்தினுள் வருவதெங்ஙனம்? பண்ணைக் கூலிகளும் வேலைக்காரப் பெண்களும் வெளியே நின்றனர். லோலான்ட் தீவின் சர்க்கரைக்கிழங்கு வயல்களில் 1890கள் முதல் போலந்து நாட்டுப் பெண்கள் பருவகாலக் கூலிகளாக முதுகு வளைத்தனர். வெண்ணெய் கடைதல் தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் கைத்திறனாக இருந்தது. பாற்சாலை வந்ததும் அது ஆண்களின் ஊதியத் தொழிலாயிற்று. புதிய திறன் ஒன்று தோன்றும்போது பழைய திறன் ஒன்று எவரிடமிருந்து பறிக்கப்படுகின்றது என்பதையும் உடன் கேட்டல் வேண்டும். பயிற்சித் திட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் இதனைக் கேட்பது அரிது.

எனினும் நடுத்தர விவசாய வர்க்கமொன்று தன் பொருளுற்பத்தியைத் தானே நிருவகிக்கக் கற்றுக்கொண்டது என்பது மறுக்கவியலாத உண்மை. அவ்வர்க்கத்தின் கல்விக்கூடமே 'மக்கள் உயர்பள்ளி'. இதன் கருத்துமூலவர் நிக்கொலாய் குருண்ட்விக் (1783–1872) கவிஞர். பாசுரங்கள் பல பாடிய மதகுரு. நோர்டிக் புராணங்களில் ஆழ்ந்தவர். இலத்தீன் இலக்கணத்தை மனனஞ்செய்வித்து அதிகாரிகளை உற்பத்திசெய்யும் கல்வியை அவர் செத்த கல்வி என வெறுத்தார். தாய்மொழியில், பேச்சுவழியே, வளர்ந்தோருக்கு வழங்கப்படும் கல்வியை அவர் வேண்டினார். பரீட்சை இல்லை, பட்டம் இல்லை. முதற்பள்ளி 1844இல் றோடிங்கில் தொடங்கப்பட்டது. 1864இன் தோல்வியால் றோடிங் ஜேர்மன் பக்கத்தில் அகப்பட, அப்பள்ளியின் தொடர்ச்சியாக எல்லையின் இப்புறம் அஸ்கோவ் என்ற ஊரில் 1865இல் புதிய பள்ளி எழுந்தது. குருண்ட்விக்கின் தேசியவாதத்தையும் கிறிஸ்தவப் புனைவியலையும் நாம் விமரிசிக்கலாம், விமரிசித்தல் வேண்டும். நகரத் தொழிலாளர் இப்பள்ளிகளில் தமக்கு இடங்காணாது, 1910இல் எஸ்பியேர்க்கில் தமக்கெனத் தொழிலாளர் உயர்பள்ளியொன்றை நிறுவ வேண்டியிருந்தது என்பதே இப்பள்ளிகளின் வர்க்க எல்லையைக் காட்டும். ஆயினும் உழுபவனுக்குச் சிந்திக்கும் உரிமை உண்டு என்ற கொள்கை, அதனைக் கூறியவரின் கருத்துமுதல்வாதத்தையும் மீறிப் பொருளாயத விளைவுகளை உண்டாக்கிற்று.

அவ்விளைவுகளுள் ஒன்றே நமது பொருள். 1878இல் பௌல் லா கூர் (1846–1908) என்பவர் அஸ்கோவுக்கு ஆசிரியராக வந்துசேர்ந்தார். கொப்பன்ஹேகன் வானிலை நிறுவனத்திற் துணை இயக்குநராக இருந்தவர்; தந்திமுறையில் கண்டுபிடிப்புகள் செய்தவர். அத்தகைய ஒருவர் தலைநகரை விட்டுப் பரீட்சையற்ற கிராமப் பள்ளியொன்றில் விவசாயிகளின் மக்களுக்குக் கணிதமும் பௌதிகமும் கற்பிக்க முன்வந்தமை கவனத்துக்குரியது. அவர் அவ்விரு பாடங்களையும் வரலாற்று வழியிலே கற்பித்தார். அம்முறையில் நூல்களும் எழுதினார். ஒரு தேற்றம் யாரால், எந்தத் தேவையின் உந்துதலால், எந்தத் தவறுகளின் பின் கண்டறியப்பட்டது என்பதை அறிந்த மாணவன் அதனை மாறாத விதியாகவன்றி மனிதரின் ஆக்கமாகக் காண்பான். தானும் ஆக்கக்கூடும் எனக் கருதுவான். இவ்வகுப்பறையின் முக்கியத்துவத்தைப் பொறியியல் வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு உணர்ந்ததாகத் தெரியவில்லை.

மின்சாரம் அக்காலத்தில் நகரத்தின் பண்டமாக இருந்தது. நிலக்கரி மின்னிலையங்களின் கம்பி கிராமத்தை எட்டாது. ஒளியும் இயந்திரமும் நகரத்தில் மட்டும் பெருகினால் கிராமத்து இளைஞர் அங்கே ஓடுவர். இது லா கூரின் கவலை. 1891இல் அரசின் உதவியுடன் அஸ்கோவில் பரிசோதனைக் காற்றாலையொன்றை எழுப்பினார். காற்று நிலையற்றது, அதன் சக்தியைச் சேமிப்பதெவ்வாறு? மின்னைக்கொண்டு நீரைப் பகுத்து ஐதரசனையும் ஒட்சிசனையும் கொள்கலன்களிற் சேர்த்துவைத்தார். 1895 முதல் 1902 வரை பள்ளிக்கு அவ்வாயுவே விளக்கேற்றிற்று. ஐதரசன் வெடித்துப் பள்ளியின் யன்னற் கண்ணாடிகள் பலமுறை நொறுங்கியதாகவும் கூறுவர். இன்று 'பசுமை ஐதரசன்' பற்றிப் பேசப்படும் மாநாட்டு மண்டபங்களின் கண்ணாடிகள் பத்திரமாகவே உள்ளன! காற்றுச் சுரங்கக் குழாயொன்றில் மாதிரி இறக்கைகளை ஆராய்ந்த லா கூர், பல இறக்கைகளுடன் மெல்லச் சுழலும் ஆலையைவிடச் சில இறக்கைகளுடன் விரைந்து சுழலும் ஆலையே மின்னாக்கத்துக்கு உகந்தது என்ற முடிவுக்கு வந்தார்.

ஆலையைவிட ஆளையே அவர் முதன்மையாகக் கருதினார் எனலாம். 1903இல் டேனியக் காற்று மின்சாரச் சங்கம் நிறுவப்பட்டது. 1904இல் கிராமிய மின்வினைஞருக்கான பயிற்சி அஸ்கோவில் ஆரம்பமாயிற்று. காற்று மின்சாரத்துக்கென ஒரு சஞ்சிகையும் வெளிவரலாயிற்று. உலகின் முதலாவது 'பசுமைத் தொழிற்பயிற்சி' என இதனைக் குறிப்பிடுவதில் தவறில்லை. ஆனால் பயிற்சியின் உள்ளடக்கத்தை நோக்குதல் வேண்டும். கிராம மின்னிலையமொன்று காற்றாலை, மின்பிறப்பாக்கி, சேமிப்புக் கலங்கள், காற்றில்லா நாளுக்கென ஒரு எண்ணெய் எஞ்சின் ஆகியவற்றைக் கொண்டது. அதனை நடத்துபவன் கலங்களின் அமிலத்தையும் கவனிக்கவேண்டும். வீடுகளுக்குக் கம்பியும் இழுக்கவேண்டும். காற்று வலுக்கும்போது ஆலையை அடக்கவும் வேண்டும். அவனுக்கு மேலே கணக்கிடும் பொறியியலாளன் ஒருவனும் கீழே சுத்தியல் பிடிக்கும் கூலி ஒருவனும் நின்ற அமைப்பன்று அது. உற்பத்தி நிகழ்முறையின் அறிவார்ந்த ஆற்றல்கள் தொழிலாளியிடமிருந்து பிரிக்கப்பட்டு மூலதனத்தின் ஆற்றல்களாக அவனுக்கு எதிரே நிற்பதனை மார்க்ஸ் பெருங்கைத்தொழிலின் இயல்பாக விளக்கினார். கிராமிய மின்வினைஞனிடத்தில் அப்பிரிவினை இன்னும் நிகழவில்லை. இதனை முதலாளித்துவத்துக்கு முந்திய எச்சமாகக் கொள்வதா, அல்லது அதற்கு அப்பாலான ஒன்றின் முளையாகக் கொள்வதா? கூட்டுறவு அமைப்பின் இரட்டைத் தன்மையை நினைவிற்கொண்டால், இரண்டும் ஓரளவு பொருந்தும் என்றே தோன்றுகின்றது.

முதலாம் உலகப்போர் எரிபொருள் இறக்குமதியைத் தடைசெய்தபோது இத்திறனின் பயன் வெளிப்பட்டது. 1918 அளவில் சுமார் 120 கிராம மின்னிலையங்கள் காற்றாலையைப் பயன்படுத்தின. ஒவ்வொன்றும் பெரும்பாலும் 20 முதல் 35 கிலோவாற்று வரை. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 3 மெகாவாற்று. போர் முடிந்து எண்ணெயும் நிலக்கரியும் மலிந்ததும், ஆடலோட்ட மின்வலையமைப்பு கிராமங்களை எட்டியதும், ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றன. ஆலை நின்றது, ஆனால் மனிதரின் நினைவில் திறன் நிற்கவில்லை.

1904இல் அஸ்கோவில் பயின்றவருள் யொஹானஸ் யூல் (1887–1969) என்ற பதினேழு வயது இளைஞன் ஒருவன். பின்னர் அவர் தென்கிழக்கு சீலாந்தின் மின்விநியோக நிறுவனத்திற் பணியாற்றினார். அறுபது வயதை அண்மித்தபோது, இளமையிற் கற்றதைக் கையிலெடுத்தார். 1950களின் தொடக்கத்தில் இரு சிறிய ஆலைகளை ஆக்கிச் சோதித்தபின், 1957இல் கெட்சர் என்னுமிடத்தில் 200 கிலோவாற்று ஆலையை நிறுவினார். மூன்று இறக்கைகள், நேரே மின்வலையமைப்புடன் இணைந்து அதன் கதியிற் சுழலும் எளிய தூண்டல் மின்பிறப்பாக்கி, காற்று மிகும்போது இறக்கையின் வடிவமே காற்றோட்டத்தைக் குலைத்து வலுவை மட்டுப்படுத்தும் ஏற்பாடு, வேகம் எல்லை மீறினால் தாமே திரும்பித் தடைசெய்யும் இறக்கை நுனிகள். பிற்காலத்தில் 'டேனிய மாதிரி' என உலகம் அழைத்தது இதனையே. பெரிய பராமரிப்பின்றிப் பத்தாண்டு ஓடிய அவ்வாலை 1967இல் நிறுத்தப்பட்டது. மத்திய கிழக்கு எண்ணெயின் மலிவுவிலை அதற்கு முக்கிய காரணம். யூல் 1969இல் மறைந்தார். எட்டே ஆண்டுகளின் பின், 1977இல், அமெரிக்க ஆய்வாளர்களின் வேண்டுகோளும் சேர்ந்து, அந்த ஆலை அளவீடுகளுக்காக மீண்டும் ஓட்டப்பட்டது. கிராமத்து மின்வினைஞன் ஒருவனின் கைவேலையை விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் படித்தறிய வந்த காட்சியை அவர் காணவில்லை.

1973இன் எண்ணெய் நெருக்கடி டென்மார்க்கைக் கடுமையாகத் தாக்கியது. அந்நாட்டின் சக்தித் தேவையில் மிகப் பெரும்பகுதி இறக்குமதி எண்ணெயையே சார்ந்திருந்தது. மின்நிறுவனங்கள் அணுமின்னிலையங்களை முன்மொழிந்தன. எதிர்ப்பியக்கம் 1974இல் அமைப்புருப் பெற்றது. இவ்வியக்கத்தின் சிறப்பு, அது எதிர்ப்போடு அமையாது செய்து காட்டலிலும் இறங்கியமையாகும். தச்சரான கிறிஸ்தியன் ரீசேயர் கெட்சர் மாதிரியைச் சிறிதாக்கி, கடையில் வாங்கக்கூடிய பாகங்களைக் கொண்டு, 22 கிலோவாற்று ஆலைகளை ஆக்கினார். உல்போர்க் அருகே துவிண்ட் பள்ளியின் ஆசிரியர்கள் தம் சம்பளத்தைப் பொதுநிதியாக்கி, 1975 முதல் 1978 வரை, நூற்றுக்கணக்கான தொண்டருடன் 2 மெகாவாற்றுக்குத் திட்டமிடப்பட்ட பேராலையை எழுப்பினர். அக்காலத்தில் உலகில் அதைவிடப் பெரிய காற்றாலை இயங்கவில்லை. வேறு கைத்தொழில்களின் பழைய பாகங்கள் அதிலே பயன்பட்டன. கண்ணாடியிழை இறக்கைகளை அவர்கள் தம் கையாலேயே வார்த்தனர். நாற்பதாண்டுகள் கடந்தும் அது சுழன்றது. துவிண்ட் அமைப்பின் தலைவர்கள் பின்னாளில் நிதி மோசடி வழக்குகளில் நீதிமன்றம் ஏற நேர்ந்தமை தனிக்கதை. அக்கதை ஆலையைக் கட்டிய கைகளின் மதிப்பைக் குறைக்காது.

துவிண்டில் தேர்ந்த இறக்கை வார்க்கும் முறை அங்கேயே பூட்டிவைக்கப்படவில்லை. அது எரிக் குரோவ்-நீல்சன் என்பவரின் சிறு பட்டறைக்குச் சென்றது. அவர் ஐந்து மீற்றர் இறக்கைகளை ஆக்கி, நாடெங்கும் ஆலை கட்டுவோருக்கு விற்றார். ஹேபோர்க் கிராமத்துக் கொல்லர் கார்ள் எரிக் யோர்கென்சனும் ஹென்றிக் ஸ்டீஸ்டல் என்ற இளைஞரும் சேர்ந்து ஆக்கிய ஆலையின் உரிமத்தை 1979இல் வெஸ்டாஸ் நிறுவனம் பெற்றது. வெஸ்டாஸும் 1898இல் லெம் என்ற ஊரில் ஒரு கொல்லனின் பட்டறையாகத் தோன்றியதே; பாற்குளிரூட்டிகளும் வண்டிகளும் பாரந்தூக்கிகளும் செய்துவந்தது. போட்டிக்கு நின்ற மற்றிரு நிறுவனங்களுள் ஒன்று நீர்ப்பாசனக் கருவிகளும் மற்றொன்று தாங்கிகளும் செய்தவை. பாற்சாலையும் பண்ணையும் வளர்த்த உலோகவேலைத் திறன் நூறாண்டின் பின் காற்றாலைக்குள் வந்து புகுந்தது. எந்தப் பயிற்சித் திட்டமும் இதனை முன்கூட்டி வரைந்திருக்க முடியாது.

இவ்விடத்தில் ஒன்றனை விரிவாகக் கூறுதல் வேண்டும். 1970களின் நடுப்பகுதி முதல் ஆலை கட்டுவோரும் வாங்குவோரும் ஆர்வலரும் கூடும் சந்திப்புகள் ஒழுங்காக நடைபெற்றன. 1978இல் ஆலை உரிமையாளர் சங்கம் தோன்றிற்று. இயக்கத்தின் மாத சஞ்சிகை ஒவ்வோர் ஆலையும் அம்மாதம் எவ்வளவு மின் தந்தது, எது பழுதடைந்தது என்ற விபரத்தை ஆலைவாரியாக அச்சிட்டது. எந்த உற்பத்தியாளனின் பற்சக்கரம் உடைகின்றது என்பதை நாடே அறிந்தது. பழுது வணிக இரகசியமாக இருக்கவில்லை. பொதுச் சொத்தாக இருந்தது. 1970களின் இறுதியில் புயற்காற்றில் தடுப்புத் தவறி ஆலைகள் சிதறியபோது, ஒன்றையொன்று சாராத இரு தடுப்பு முறைகள் வேண்டும் என்ற விதி இவ்வெளிப்படையான அனுபவத்திலிருந்தே பிறந்தது. அணுவாராய்ச்சிக்கென அமைக்கப்பட்ட ரீசோ நிலையத்தில் 1978இல் காற்றாலைச் சோதனைப் பிரிவொன்று தொடங்கப்பட்டது. 1979இல் அரசு முதலீட்டின் 30 வீதத்தை மானியமாக அறிவித்து, அதற்கு ரீசோவின் அங்கீகாரத்தை நிபந்தனையாக்கியது. அப்பொறியியலாளர்கள் கொல்லருக்கு ஆணையிடவில்லை. அவர்களுடைய ஆலைகளை அளந்து, பிழை கண்டு, கற்றுக்கொடுத்து, தாமும் கற்றனர். திறன் என்பது தனியொருவனின் கையிலோ மூளையிலோ உறைவதன்று. உடைந்த பாகமொன்றைப் பற்றிக் கொல்லனும் கணக்கறிந்தவனும் ஆலைக்குச் சொந்தக்காரனும் ஒரே மேசையில் அமர்ந்து பேசக்கூடிய சமூக உறவிலேயே அது வாழ்ந்தது.

இதற்கு நேர்மாறானதை ஜேர்மனியிற் காணலாம். அரச நிதியுடன் பெருநிறுவனங்கள் ஆக்கிய 'குரோவியன்' 3 மெகாவாற்று ஆலை. கோபுரமும் சுழல்வட்டமும் நூறு மீற்றர் அளவின. 1983இல் தொடங்கி 1987இல் ஓய்ந்த அது, மொத்தமாகச் சுமார் 420 மணித்தியாலம் மட்டுமே இயங்கியது. ஐக்கிய அமெரிக்காவில் விண்வெளி நிறுவனமும் போயிங்கும் ஆக்கிய பேராலைகளும் சந்தையில் வேரூன்றவில்லை. இவற்றை ஒப்பிட்டு ஆராய்ந்த வரலாற்றாசிரியர் மத்தியாஸ் ஹைமான், விமானப் பொறியியலின் மேதாவித்தனத்தையே தோல்வியின் காரணமாகக் காண்கின்றார். கணிதம் அவர்களிடம் குறையவில்லை. தாள்மீது வரைபவனுக்கும் கோபுரத்தின்மீது ஏறிப் பழுதுநீக்குபவனுக்கும் இடையே பேச்சில்லாமையே குறையாக இருந்தது. ஹைமானின் விளக்கம் மனப்பாங்கோடு நின்றுவிடுகின்றது. அம்மனப்பாங்கை ஈன்ற உற்பத்தி உறவை நோக்கி ஓர் அடி முன்செல்லவேண்டியுள்ளது.

கதை இங்கே முடிந்திருந்தால் அது ஒரு கிராமியக் காவியமாக அமைந்திருக்கும். 1980களின் முற்பகுதியில் கலிபோர்ணியாவின் வரிச்சலுகை பெருஞ் சந்தையொன்றைத் திறந்துவிட்டது. அங்கே நாட்டப்பட்ட ஆலைகளில் ஏறத்தாழ அரைப்பங்கு டேனியப் பொறிகள். 1985இன் முடிவில் சலுகை நீங்கியதும் சந்தை சரிந்தது. 1986இல் வெஸ்டாஸ் கொடுப்பனவுகளை நிறுத்தவேண்டியதாயிற்று; மறு ஆண்டு காற்றாலைப் பகுதி மட்டும் தனி நிறுவனமாக மறுபிறவி எடுத்தது. ஆலைகள் வளர்ந்தன, கூட்டுறவால் வாங்கவியலாத அளவுக்கு வளர்ந்தன. ஒரு காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டேனியக் குடும்பங்கள் காற்றாலைப் பங்குகளை வைத்திருந்தன. 2000ஆம் ஆண்டை ஒட்டிய சட்டமாற்றங்களின் பின் அவ்வுடைமை தேய்ந்து, பெருநிறுவனங்களின் கடற்காற்றுப் பண்ணைகள் மேலெழுந்தன. பழுது விபரம் சஞ்சிகையை விட்டு நீங்கி, உற்பத்தி நிறுவனங்களின் கணினிக்குள் புகுந்தது.

பின்விளைவை டென்மார்க்கில் அன்று, இங்கிலாந்தின் வைற் தீவில் தெளிவாகக் காணலாம். அத்தீவின் நியூபோர்ட் நகரில் வெஸ்டாஸின் இறக்கைத் தொழிற்சாலையொன்று இயங்கிவந்தது. பிரித்தானியாவிற் கேள்வி போதாது எனக் கூறி, 2009இல் நிறுவனம் அதனை மூட முனைந்தது. ஏறத்தாழ 600 பேர் வேலையிழக்கும் நிலை. அதே யூலை மாதத்திலேதான் பிரித்தானிய அரசாங்கம் கரிமங் குறைந்த பொருளாதாரத்துக்கான திட்டத்தை வெளியிட்டு, இலட்சக்கணக்கான பசுமை வேலைகளைப் பற்றிப் பேசியது. நிறுவனத்தால் அங்கீகரிக்கப்பட்ட தொழிற்சங்கம் எதுவும் அங்கிருக்கவில்லை. ஆயினும் தொழிலாளர் இருபதின்மருக்கு மேற்பட்டோர் யூலை 20ஆந் திகதி தொழிற்சாலையைக் கைப்பற்றி உள்ளே அமர்ந்தனர். அவர்களுட் சிலருக்குப் பணிநீக்கக் கடிதம் உள்ளே அனுப்பப்பட்ட உணவுடன் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. ஓகஸ்ட் 7ஆந் திகதி நீதிமன்ற ஆணையால் அவர்கள் வெளியேற்றப்பட்டனர். அரசாங்கம் எந்தத் திறனைக் கட்டியெழுப்பப் போவதாகக் கூறியதோ, அந்தத் திறன் இவர்களிடம் இருந்தது. அது போதாது என எவரும் கூறவில்லை.

இந்நிகழ்ச்சி பிரித்தானியத் தொழிலாளரின் இன்னொரு முயற்சியை நினைவூட்டும். 1976இல் லூக்காஸ் விமானப்பொறி நிறுவனத்தின் தொழிற்சாலைப் பிரதிநிதிகள், ஆட்குறைப்புக்கு மாற்றாக, போர்க்கருவிக்குப் பதில் தாம் ஆக்கக்கூடியவை எனச் சுமார் 150 பொருள்களைத் தொகுத்து வெளியிட்டனர். வெப்பப் பம்பிகளும் காற்றாலைகளும் அவற்றுள் அடங்கும். இன்று எல்லா அரசாங்கங்களும் போற்றும் வெப்பப் பம்பியை அன்று தொழிலாளரே முன்மொழிந்தனர், நிருவாகம் நிராகரித்தது. அதன் முன்னணியில் நின்ற பொறியியலாளர் மைக் கூலி 1981இல் வேலைநீக்கப்பட்டார்.

இன்று காற்றாலையில் ஏறுவோனுக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். உற்பத்தி நிறுவனங்களும் உடைமையாளரும் சேர்ந்து 2012இல் அமைத்த உலகக் காற்று அமைப்பு அதன் பாடத்திட்டத்தை வகுத்துள்ளது: முதலுதவி, பாரந்தூக்கல், தீத்தடுப்பு, உயரத்தில் வேலைசெய்தல், கடலிற் பணியாற்றுவோருக்கு உயிர்காத்தல். இப்பயிற்சி உயிர்களைக் காக்கின்றது; அதனை இகழ்வது எம் நோக்கமன்று. அடிப்படைப் பாதுகாப்புச் சான்றிதழ் 24 மாதத்திற் காலாவதியாகின்றது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம். அஸ்கோவின் மாணவன் பரீட்சையையும் பட்டத்தையும் வேண்டாத பள்ளி மரபிலே பயின்றவன். 1904இல் கற்றதை அவன் 1957இல் எடுத்துப் பயன்படுத்தினான். முன்னையவனிடம் கேட்கப்படுவது விதிப்படி நடத்தல்; பின்னையவனிடம் எதிர்பார்க்கப்பட்டது விதியை ஆராய்தல். இவ்விரண்டையும் 'பயிற்சி' என்ற ஒரே சொல்லால் வழங்குவதே நம் குழப்பத்தின் தோற்றுவாய்.

டேனியப் பட்டறையின் வழித்தோன்றல்கள் நம் கரைக்கும் வந்துவிட்டன. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட 'தம்பபவனி' காற்றுமின் நிலையத்தில் 3.45 மெகாவாற்று வலுவுடைய 30 ஆலைகள் நிற்கின்றன, மொத்தம் 103.5 மெகாவாற்று, யாவும் வெஸ்டாஸின் ஆக்கம். திறக்கப்பட்டபோது உடைமை இலங்கை மின்சார சபையினதாக இருந்தது. கடன் ஆசிய அபிவிருத்தி வங்கியினது. 2025 ஓகஸ்டில் மேலும் ஆலைகள் நிறுவப்படுவதற்கு எதிராக மன்னார் மக்கள் வீதியில் இறங்கியபோது, வெள்ளநீர் வடிவதையும் கரைவலைப் பாட்டையும் காணியையும் பற்றிப் பேசினர். அவர்களை விஞ்ஞானமறியாதவர் எனச் சித்திரிக்க முனைந்தோரும் உளர். பாட்டு நீரின் போக்கையும் சோளகத்தின் கதியையும் அறிந்த மீனவனுக்குக் காற்றைப் பற்றிக் கற்பிக்க எம்மிடம் என்ன இருக்கின்றது என்பது ஒரு கேள்வி. அவ்வாலைகளின் மாதாந்த மின்னாக்கத்தையும் பழுதுகளையும் ஊர்வாரியாக, தமிழில் அச்சிட்டு அவன் கையிற் கொடுக்கத் தடையாயிருப்பது எது என்பது இன்னொன்று. யூட்லாந்தின் விவசாயிக்கு அச்சஞ்சிகை மாதந்தோறும் தபாலில் வந்துகொண்டிருந்தது.